அவளுக்கு மாவுக்கட்டு இருந்தது

என் ஓரகத்தியின் கால் ஒடிந்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. வருத்தமாக இருந்தது என்று எழுதினால் பொய். கணுக்காலுக்கு மேலே ஒடிந்து, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். வாசலில் நின்று பார்த்த எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: கொடுத்து வைத்தவள்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனாரின் மனைவி. தென்காசிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள். கொழுந்தனார் அவளைக் கம்பெனியில் பார்த்துக் கட்டிக்கொண்டார். பெருமாநல்லூரில் ஒரே காம்பவுண்டில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் அடுத்தடுத்து. மாமியார் இரண்டு வீட்டுக்கும் பொது. வேலையும் ஒரே கம்பெனி. நான் பேட்லாக் மிஷினில் டீசர்ட்டின் கை மடிப்பு அடிப்பேன். இரண்டு வரித் தையல் இணையாக ஓட வேண்டும். ஒரு நூல் கோணினாலும் வெளியே தெரியும். அவள் செக்கிங். நாங்கள் அடித்துப் போடுவதை மேசையில் விரித்துக் குற்றம் கண்டுபிடிக்கிற வேலை. குற்றம் இருக்கிற இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவாள்.

அவள் கால் ஒடிவதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே எனக்கு உடம்பு சரியில்லை. அதை யாரிடமும் காட்ட முடியவில்லை. காலையில் எழுந்திருக்கும்போது நான் நன்றாக இருப்பேன். ஒன்பது மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் என் தையல்மேல் ஸ்கேல் வைத்துப் பார்க்கலாம். பன்னிரண்டு மணிக்குத் தோள் கனக்கும். மூன்று மணிக்கு மேல் கை என் பேச்சைக் கேட்காது. இமை தானாக இறங்கும். ஒரு ஊசி இரண்டாகத் தெரியும். டீ நேரத்துக்கு வாங்கிய வடையைப் பாதி மெல்லும்போது தாடை நின்றுபோகும். வாயைத் துடைக்கிற மாதிரி கையால் தாடையைத் தூக்கி மூடியிருக்கிறேன். பேச்சு மூக்கு வழியாக வரும். வீட்டுக்கு வந்து படுத்து எழுந்தால் மறுநாள் காலை மறுபடியும் நன்றாக இருப்பேன். இப்படி ஒரு நோயை யார் நம்புவார்கள்? பல நாள் நானே நம்பவில்லை. சோம்பேறி ஆகிவிட்டேனோ என்றுதான் நினைத்தேன்.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. ஒருவர் ரத்தம் குறைவு என்று டானிக் கொடுத்தார். கண்ணாஸ்பத்திரியில் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்டுல ஏதாச்சும் மனக்கஷ்டமாம்மா?" என்று கேட்டார். மூன்று பேரையும் காலையில் டோக்கன் போட்டு, குளித்து, பவுடர் பூசிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அந்த நேரத்தில் என் நோய் தூங்கிக்கொண்டிருக்கும். அது இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் நல்ல மனுசன்தான். "நல்லாத்தான இருக்கற" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை அடிக்கலாம் என்று தோன்றும். மாமியாருக்குப் பிறந்த ஊர் மூலனூர். எந்த நோய்க்கும் அவரிடம் முருங்கைக்கீரைதான். "இதத் தின்னா ரத்தம் ஊறுங் கண்ணு" என்று தினமும் ராத்திரி ஒரு கிண்ணம் வைப்பார். ராத்திரி எட்டு மணிக்கு முருங்கைக்கீரையை மெல்லுவது எனக்குத் தேங்காய் நாரை மெல்லுவது மாதிரி. மீதி வைத்தால், "உனக்குத் திமிரு. வெச்சதத் திங்க மாட்டேங்கற" என்பார்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் ஓரகத்தி காலை ஒடித்துக்கொண்டாள். ஸ்கூட்டரில் போகும்போது நாய் குறுக்கே வந்தது. அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கதையை அவள் நூறு பேருக்குச் சொன்னாள். காம்பவுண்டில் இருந்த எல்லாரும் வந்தார்கள். ஆப்பிள் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. கொழுந்தனார் அவளைக் கட்டிக்கொண்டு வந்த நாளில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட என் மாமியார், இப்போது காத்தால ஆறு மணிக்கே ஆட்டுக்கால் வாங்கி வந்து சாறு வைத்தார்.

"குடி சாமி. எலும்பு கூடோணும்ல? சூடா இருக்கறப்பவே குடிச்சுப்போடு."

எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சாறுதான். மெல்ல வேண்டாம், விழுங்கினால் போதும். அடுப்படியில் நின்று, "எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்கத்தே" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

"அந்தப் புள்ள காலு ஒடிஞ்சு கெடக்குது. உனக்கென்ன கேடு? நடந்துட்டுத்தான இருக்கற?" என்றார் மாமியார்.

நடந்துகொண்டுதான் இருந்தேன். அதுதான் என் குற்றம்.

மூன்று வாரத்தில் கம்பெனியில் ஷிப்மெண்ட் நெருக்கடி வந்தது. செக்கிங்கில் அவள் கை வேகம் வேறு யாருக்கும் கிடையாது. உட்கார்ந்தபடியே பார்க்கட்டும் என்று கம்பெனி வேனை வாசலுக்கே அனுப்பினார்கள். எங்கள் கம்பெனியில் செக்கிங் மேசையில் எல்லாரும் நின்றுகொண்டேதான் வேலை செய்ய வேண்டும். உட்கார்ந்தால் வேகம் குறையும் என்பது மேனேஜரின் கண்டுபிடிப்பு. அதே மேனேஜர் தன் ரூமிலிருந்து குஷன் வைத்த, முதுகு சாய்கிற ஒரு உயரமான ஸ்டூலை எடுத்து வரச் சொல்லி அவளுக்குப் போட்டார். காலை நீட்டிக்கொள்ள கீழே ஒரு அட்டைப் பெட்டி. யாரோ மார்க்கர் பேனாவால் மாவுக்கட்டில் ஒரு ரோஜாப்பூ வரைந்துவிட்டார்கள். போகிற வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பூவைப் பார்த்துவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

என் மிஷின் ஸ்டூலுக்கு முதுகு கிடையாது. மூன்று மணிக்கு மேல் என் கழுத்து தலையைத் தாங்காது. அந்தக் குஷன் ஸ்டூலைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரிந்தது. ஒரு மணி நேரம் அதில் முதுகைச் சாய்த்து, கையை மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தால் மிச்சப் பொழுதை ஓட்டிவிடுவேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வாரத்தில்தான் சூப்பர்வைசர் என் மிஷினுக்கு வந்து ஒரு சட்டையை விரித்துக் காட்டினான்.

"ஏனுங்கக்கா, இது தையலுங்களா, பாம்பு போன தடமுங்களா?"

பக்கத்து மிஷின்காரிகள் சிரித்தார்கள். எனக்குப் பேச்சு மூக்கில் வந்தது.

"சாயங்காலமானாக் கை ஓய்ஞ்சு போகுதுப்பா."

"எல்லாத்துக்குந்தானுங்க ஓய்ஞ்சு போகுது. பேச்சே கொழறுதுங்களே, தூக்கமுங்களா? இந்த ஆர்டர் முடியற வரைக்கும் பாப்பனுங்க. இப்படியே ஆல்ட்டருக்குத் திரும்பி வந்துச்சுன்னா மிஷின வேற ஆளுக்குக் குடுத்துப்போட்டு, உங்களப் பிசிறு வெட்டப் போட்டுருவனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பதினாறு வருடமாக மிஷினில் உட்கார்ந்தவளைப் பிசிறு வெட்ட அனுப்புகிறேன் என்று 'ங்க' போட்டுச் சொன்னான். பிசிறு நூல் வெட்டுவது நாள் முழுக்க நின்றுகொண்டு செய்கிற வேலை. ஒரு வாரம் தாங்க மாட்டேன், அப்புறம் வீடுதான் என்பது எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் மெடிக்கல் கடையில் ஒரு கிரேப் பேண்டேஜ் வாங்கினேன். மறுநாள் காலையில் வலது மணிக்கட்டில் சுற்றி, கிளிப் மாட்டி, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொன்னேன்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அடுத்த நான்கு நாள் மாதிரி நல்ல நாள்கள் அந்த இரண்டு வருடத்தில் எனக்கு வந்ததில்லை. சூப்பர்வைசர் பண்டலைப் பாதியாகக் குறைத்தான். "மெதுவா அடிங்கக்கா, போதுமுங்க." பக்கத்து மிஷின்காரி என் டிபன் பாக்ஸைக் கழுவிக் கொடுத்தாள். வீட்டுக்காரர் தண்ணீர்க் குடம் தூக்கினார். மாமியார் ஆட்டுக்கால் சாற்றில் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றினார். குடிக்கும்போது ஆத்திரத்தில் கண்ணீர் வந்தது. இரண்டு வருடம் உண்மையைச் சொன்னேன், கீரை வைத்தார்கள். ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு பொய் சொன்னேன், சாறு கிடைத்தது.

"அழாத கண்ணு, சுளுக்குத்தான, செரியாப் போயிரும்" என்றார் மாமியார்.

ஐந்தாம் நாள் மாட்டிக்கொண்டேன். முந்தின நாள் பேண்டேஜைத் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். காலையில் வேன் ஹாரன் அடிக்க, அவசரத்தில் எடுத்துச் சுற்றிக்கொண்டு ஏறினேன். ஓரகத்தி காலை நீட்ட வேண்டும் என்பதால் அவளுக்கு எப்போதும் பின் சீட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். என் மூஞ்சியைப் பார்த்தாள். பிறகு தன் துப்பட்டாவை எடுத்து என் மடியில் போட்டுக் கையை மூடினாள்.

"எக்கா, கை மாறிப் போச்சு" என்றாள் மெதுவாக.

குனிந்து பார்த்தேன். இடது கையில் கட்டியிருந்தேன்.

முன் சீட்டுகளில் ஆறு பேர் இருந்தார்கள். அவள் ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். சொல்லவில்லை. துப்பட்டாவுக்கு அடியில் அவளே கிளிப்பைக் கழற்றி வலது கையில் சுற்றிவிட்டாள். நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. இவளிடமா மாட்ட வேண்டும்?

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாள். சுற்றிலும் யாரும் இல்லை.

"எக்கா, கையில ஒண்ணுமில்லைன்னு எனக்கு மொத நாளே தெரியும். சுளுக்குன கையின்னா காலையிலேர்ந்தே தையல் கோணணும்லா? உங்களுக்குக் காலையில வாற பண்டல் கண்ணாடி கணக்கா இருக்கு."

"அதுக்கு?"

"கோவப்படாம கேளுங்க. நான் இங்கின உக்காந்து உங்க பீஸத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். பண்டல் நம்பர் வரிசைப்படி வருதுல்லா? ஒண்ணு, ரெண்டு, மூணு சுத்தம். சாப்பாட்டுக்கு முன்ன வாறதுல லேசா ஒரு ஆட்டம். சாப்பிட்டு வந்த உடனே ஒரு பண்டல் நல்லா வருது. அதுக்கப்புறம் போகப் போக மோசம். தெனமும் இதே கணக்குத்தான். கவனமில்லாம அடிக்கவளுக்குக் கண்ட நேரத்துலயும் கோணும். உங்களுக்கு நேரம் வச்ச மாதிரி கோணுது. உங்களுக்கு என்னமோ இருக்குக்கா. நெசமாவே இருக்கு."

இரண்டு வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. என் புருசன் சொல்லவில்லை. மூன்று டாக்டர் சொல்லவில்லை. மாமியார் சொல்லவில்லை. நான் வயிறெரிந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு இவள் சொல்கிறாள். "நீ யாருடி எனக்கு நோய் பாக்கறதுக்கு?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு அவள் மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். அவள் சோற்றைப் பிசைந்து என் பக்கம் தள்ளினாள்.

யோசனையும் அவளுடையதுதான். டாக்டரிடம் காலையில் போகாதே, வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் போ என்றாள். துணியில் கறை, ஓட்டை என்று ரிஜக்ட் ஆன சட்டைகளில் நான் கை அடித்த மூன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, கையை மட்டும் வெட்டி எடுத்தாள். கோணின இடத்திலெல்லாம் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஒவ்வொரு கையிலும் பேனாவால் நேரம் எழுதினாள். ஒன்பதரை. ஒன்று. நாலு. ஒன்பதரைக் கையில் ஸ்டிக்கர் ஒட்ட ஒரு கோணல்கூட இல்லை. அதில் ஒரு டிக் மட்டும் போட்டாள். நாலு மணிக் கை முழுக்கச் சிவப்பாக இருந்தது.

நரம்பு டாக்டர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் திருப்பூருக்கு வருவார் என்று விசாரித்ததும் அவள்தான். மூன்றரை மணி வரைக்கும் மிஷினில் இருந்துவிட்டு, நூல் துகள் ஒட்டின துணியோடு போனேன். அவளும் மாவுக்கட்டோடு, கோலை ஊன்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். வெயிட்டிங் ஹாலில் எல்லாரும் அவளைத்தான் நோயாளி என்று நினைத்தார்கள். நர்ஸ் அவளைப் பார்த்து, "நீங்க உள்ள வாங்கம்மா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நானு இல்ல, அக்காவுக்குத்தான்" என்றாள் ஓரகத்தி. நர்ஸ் என்னைப் பார்த்து, உங்களுக்கு என்ன என்பது போல் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

டாக்டர் மேசையில் மூன்று கையையும் வரிசையாக வைத்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். நேரத்தைப் படித்தார். பிறகு, "கண்ணச் சிமிட்டாம மேல ஃபேனப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, இரண்டு இமையும் ஷட்டர் மாதிரி இறங்கின. ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்து வரச் சொல்லி, கையுறைக்குள் போட்டு, மூடின ஒரு கண்ணின்மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தபோது அந்த இமை மட்டும் மேலே நின்றது.

மயஸ்தீனியா என்றார். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராது. நம் உடம்பே நடுவில் நின்று அதைத் தடுக்கும். ஓய்வெடுத்தால் கொஞ்சம் வழிவிடும், வேலை செய்யச் செய்ய அடைத்துக்கொள்ளும். இந்த நோய்க்குச் சூடு ஆகாது. ரத்தப் பரிசோதனை, நரம்புப் பரிசோதனை, நெஞ்சுக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். எடுத்தோம். அதுதான் என்று உறுதியானது. மாத்திரை இருக்கிறது, நேரம் தவறாமல் போட வேண்டும், வேறு எந்த டாக்டர் எந்த மாத்திரை கொடுத்தாலும் இந்த நோய் இருக்கிறது என்று முதலில் சொல்ல வேண்டும், மூச்சு வாங்கினாலோ விழுங்க முடியாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும் என்றெல்லாம் சொன்னார். முழுசாகப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. நோய் வந்ததற்குச் சந்தோஷப்படுகிறவளைப் பைத்தியம் என்பீர்கள். அவளுக்கு மாவுக்கட்டு இருந்தது, இப்போது எனக்கும் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இருந்தது.

அந்தச் சந்தோஷமும் ஒரு நிமிடம்தான். டாக்டர் என் ஓரகத்தியைப் பார்த்து, "ரொம்ப நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா" என்றார். இரண்டு வருடம் அதைச் சுமந்தவள் நான், பாராட்டு அவளுக்கு. வீட்டுக்கு வந்தால் மாமியார் விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயில் கை வைத்தார். "எங்கண்ணுல படலியே சாமி" என்று அழுதார். அழுதுவிட்டு, கட்டிப்பிடித்தது அவளைத்தான்.

சுளுக்குச் சரியாகிவிட்டது என்று பேண்டேஜைக் கழற்றிவிட்டு, கம்பெனியில் ரிப்போர்ட்டைக் கொண்டு போய் மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் இருந்து நன்றாக ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கேட்க நன்றாக இருக்கும். அதற்கு அர்த்தம், வேலைக்கு வராதே. நோய் தெரியாதபோது பிசிறு வெட்டவாவது அனுப்பப் பார்த்தார்கள், தெரிந்த பிறகு வாசலைக் காட்டுகிறார்கள்.

"ஓய்வு வேண்டாமுங்க. காத்தால மிஷின்ல ஒரு கோணல் இல்லாம அடிச்சுத் தாரனுங்க. மூணு மணிக்கு மேல சாஞ்சு உக்காந்து செய்யற வேலையாக் குடுங்க. போதும்" என்றேன். மாத்திரை வேலை செய்கிற நேரம், குரல் மூக்கில் போகாமல் கணீர் என்று வந்தது.

"சாஞ்சு உக்காந்து செய்யற வேலை எதுங்க இருக்குது இங்க?" என்றார் மேனேஜர்.

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தான். "ஒரு கட்டு கிட்டு இருந்தாலும் மத்தவங்களுக்குச் சொல்லிப்போடலாமுங்க. பாக்க நல்லா இருக்கற ஆளுக்கு ஸ்டூல் போட்டா, எல்லாரும் கேப்பாங்களே."

கதவருகே கோலை ஊன்றி நின்ற ஓரகத்தி உள்ளே வந்தாள். "சார், எனக்கு அடுத்த வாரம் கட்டுப் பிரிக்காங்க. மூணு மணிக்கு மேல நான் நின்னே பாக்குதேன். அக்கா என் ஸ்டூல்ல உக்காந்து செக்கிங் பாக்கட்டும். தையல் கோணினா அக்காவுக்குத் தெரியாதா? அதுல அவுகளவிட யாரு படிச்சிருக்கா?"

மேனேஜர் சிரித்துவிட்டார். சரி, பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை எழுதுவது அனுதாபத்துக்காக இல்லை. உங்கள் தையல் லைனிலும் ஒருத்தி இருப்பாள். காலையில் நன்றாகச் சிரித்துப் பேசுவாள், சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நடிக்கிறாள் என்று சொல்வதற்கு முன்னால் அவள் வேலையை ஒரு நாள் வரிசையாக எடுத்து வைத்துப் பாருங்கள். நான் கட்டின மாதிரி ஒரு பொய்க்கட்டை அவள் கட்டிக்கொள்கிற அளவுக்கு விடாதீர்கள்.

அவள் மாவுக்கட்டைப் பிரித்து மாதக்கணக்காகிறது. கால் இன்னும் லேசாக இழுக்கிறது, நாள் முழுக்க நின்றால் வீங்குகிறது. ஆனாலும் மூன்று மணிக்கு என் செல்லில் மாத்திரை அலாரம் அடித்ததும் எழுந்துவிடுவாள். பேச மாட்டாள், என்னைப் பார்க்கவும் மாட்டாள். நல்ல காலால் அந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டு, சட்டையைப் புரட்டிக்கொண்டே இருப்பாள். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள், "எவ்வளவு தங்கமான புள்ள பாரு" என்பார்கள். என் காதில் விழும்படியாகத்தான் சொல்வார்கள். எனக்கு இன்றைக்கும் அது எரிகிறது. இந்த நோயிலும் நல்ல பெயர் அவளுக்குத்தான்.

நேற்றும் அப்படித்தான் சொன்னார்கள். நான் போய் உட்கார்ந்தேன். குஷனில் அவள் சூடு இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. முதுகைச் சாய்த்து, கையை மேசைமேல் வைத்து, முதல் சட்டையை எடுத்து விரித்தேன்.